பிறந்த குழந்தைக்கு வலது கை அசையவில்லை: நரம்பு எடுக்கிறவரிடமா, பிசியோவிடமா?

மோல்மேன் மகள் | ஜூன் 3

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் மோல்மேனிலிருந்து எழுதுகிறேன். மே 15ஆம் தேதி எனக்குப் பையன் பிறந்தான். முதல் குழந்தை. எடை 4.2 கிலோ. ஏழாம் மாதத்தில் எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னார்கள். சோற்றைக் குறை என்றார்கள், அதோடு சரி. பிரசவத்தில் தலை வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. அப்புறம் நடந்ததெல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. இழுத்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

இரண்டாம் நாள் மழைக்காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பிள்ளை திடுக்கிட்டு இடது கையை விசிறினான். வலது கை அப்படியே கிடந்தது. அன்றைக்குத்தான் கவனித்தேன். கை நீட்டிக்கொண்டு, உள்பக்கம் திரும்பி, உள்ளங்கை பின்னால் பார்த்தபடி இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் காசு வாங்குகிறவன் கை மாதிரி.

பிரசவம் பார்த்த இடத்தில் காட்டினேன். சீட்டில் 'எர்ப்ஸ் பால்சி' (கை நரம்பு வலுவிழந்த நிலை) என்று எழுதிக் கொடுத்து, "மூன்று மாதத்தில் தானாகச் சரியாகும், அப்போது கொண்டுவா" என்றார்கள். அதுவரை எப்படித் தூக்குவது, எப்படிப் படுக்க வைப்பது, ஒரு வார்த்தை இல்லை. இன்றைக்குப் பத்தொன்பது நாள். மாமியார் கடைத்தெருப் பக்கம் இருக்கிற அச்சோ பிடிக்கிற சேயாவுக்கு, அதாவது நரம்பு எடுக்கிற பர்மிய வைத்தியருக்கு, சொல்லி அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை வருகிறாராம். எனக்குப் பயமாக இருக்கிறது. யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

பெகு பெரியம்மா | ஜூன் 3

கண்ணு, பயப்படாதே. எங்கள் காலத்திலும் இப்படி இருந்திருக்கிறது. நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து நீவி விடு. குளிப்பாட்டும்போது கை காலை இழுத்து நீட்டிக் குறுக்கே மடக்கி விட்டால் பிடிப்பு விடும். பீலிக்கான் அங்காளம்மனுக்கு நேர்ந்துகொள்.

இன்செய்ன் பிசியோ | ஜூன் 3

பெரியம்மா மன்னிக்கணும், நேர்த்திக்கடன் சரி. அந்த இழுத்து நீட்டுகிறது மட்டும் இந்தப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம்.

தங்கச்சி, நான் இன்செய்னில் மருத்துவத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிசியோ படித்தவள். குழந்தைகளோடுதான் வேலை. பிள்ளையைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது, ஆனால் சில விஷயங்களை நீயே பார்த்துச் சொல்லலாம்.

உன் விரலை அவன் வலது உள்ளங்கையில் வை, பிடிக்கிறானா? இரண்டு கண்ணும் ஒரே அளவு திறக்கிறதா, கருவிழி நடுவில் இருக்கிற கறுப்புப் புள்ளி இரண்டிலும் ஒரே அளவா? மூச்சு விடும்போது நெஞ்சு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறி இறங்குகிறதா? காறை எலும்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்களா? கழுத்தை எப்போதும் ஒரே பக்கம்தான் திருப்பி வைத்திருக்கிறானா?

மோல்மேன் மகள் | ஜூன் 4

அக்கா, விரலைப் பிடிக்கிறான், நன்றாகவே பிடிக்கிறான். மணிக்கட்டும் கொஞ்சம் அசைகிறது. முழங்கை மடங்கவில்லை, தோள் தூக்கவில்லை. கண் இரண்டும் ஒன்று போல்தான் இருக்கிறது. மூச்சும் சரி. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு உடையவில்லை என்றார்கள். கழுத்து இடது பக்கம்தான் அதிகம் திருப்புகிறான், நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன்.

இன்செய்ன் பிசியோ | ஜூன் 4

நீ சொல்வதைப் பார்த்தால் ஓரளவு நல்ல பக்கத்தில்தான் இருக்கிறாய். விளக்கமாகவே எழுதுகிறேன், வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டு.

கழுத்துப் பக்க முதுகுத்தண்டிலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் கிளம்பித் தோளுக்கு மேலே பின்னிக்கொண்டு கைக்குள் இறங்குகின்றன. மேலே இருக்கிற இரண்டும் தோளைத் தூக்கவும், முழங்கையை மடக்கவும், உள்ளங்கையை மேலே திருப்பவும். கீழே இருக்கிறவை விரல்களுக்கு. தோள் மாட்டிக்கொண்டு தலைக்கும் தோளுக்கும் இடைவெளி அகலும்போது முதலில் இழுபடுவது மேல் வேர்கள்தான். உன் பிள்ளை விரலைப் பிடிப்பதால் கீழ் வேர்கள் வேலை செய்கின்றன. கண் இமை தொங்கி, கண்ணின் கறுப்புப் புள்ளி சிறுத்திருந்தால் கீழ் வேர் முதுகுத்தண்டிலிருந்தே பிய்ந்திருக்குமோ என்று கவலைப்பட வேண்டும். உனக்கு அது இல்லை.

1872இல் பிரான்சின் டியூஷேன், 1874இல் ஜெர்மனியின் எர்ப் எழுதிவைத்த விஷயம் இது; உன் சீட்டில் இருக்கிற எர்ப்ஸ் பால்சி இதுதான். ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று பிள்ளைக்கு வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரிய பிள்ளை, தாய்க்குச் சர்க்கரை, ஆயுதம் போட்ட பிரசவம் என்றால் வாய்ப்பு அதிகம். இது எதுவுமே இல்லாமலும் வரும். ஆகவே உன் மேல் பழி போட்டுக்கொண்டு உட்காராதே.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை சமாச்சாரம். பர்மியில் 'அச்சோ' என்றால் நரம்பும் அதுதான், ரத்தக்குழாயும் அதுதான், தசைநாணும் அதுதான். நம் தமிழிலும் அதே கதை: கையில் பச்சையாகத் தெரிகிறதையும் நரம்பு என்கிறோம், சுளுக்கினாலும் 'நரம்பு பிசகிவிட்டது' என்கிறோம். பிசகியிருந்தால் பிடித்து இழுத்து இடத்தில் உட்கார வைக்கலாம் என்று மனசு சொல்லும். ஆனால் உன் பிள்ளைக்கு எதுவும் இடம் மாறவில்லை. மின்கம்பி மாதிரி ஒன்று உள்ளே இழுபட்டு நைந்திருக்கிறது. இழுத்ததால் நைந்ததை இன்னொரு தடவை இழுத்துச் சரிசெய்ய முடியுமா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லித்தரப்போகும் பயிற்சியும் நரம்பை வளர்க்காது. நரம்பு தானாக வளர வேண்டும். நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். கழுத்திலிருந்து மேல்கைத் தசைவரை வந்துசேர மாதக்கணக்கு ஆகும். அதற்குள் தோள் மூட்டு உள்பக்கம் திரும்பியபடியே இறுகிப்போனால், நரம்பு வந்து சேர்ந்தும் பிரயோஜனமில்லை. விருந்தாளி வரும்போது கதவு துருப்பிடித்துத் திறக்காமல் இருக்கக் கூடாது இல்லையா, அதற்குத்தான் பயிற்சி.

தட்டோன் தம்பி | ஜூன் 4

அக்கா, நீங்கள் படித்தவர், எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் என் அக்கா பிள்ளைக்கு இதே மாதிரிதான் இருந்தது. அச்சோ சேயா நாற்பது நாள் வந்து நீவினார். கை எழுந்துவிட்டது. இப்போது பந்து எறிகிறான். கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது?

பழைய ரங்கூன்காரர் | ஜூன் 4

தம்பி, நீங்கள் பார்த்தது பொய்யில்லை. ஆனால் இழுபட்டு மட்டும் போன நரம்பு, அதாவது உள்ளே அறுபடாதது, சில வாரங்களிலேயே தானாக விழித்துக்கொள்ளும். இப்படிப் பிறக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் யார் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாரோ அவருக்குப் பேர். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. விழாத பனம்பழங்களின் கதையை யாரும் இணையத்தில் எழுதுவதில்லை.

கேளுங்கள் ஒரு வேடிக்கை. ஜெர்மனியின் கெய்சர் இரண்டாம் வில்ஹெல்முக்கும் இதே கைதான். 1859இல் பிறந்தவர், கால் முதலில் வந்த பிரசவம், இடது கை. அரண்மனை வைத்தியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அப்போதுதான் அறுத்த முயலின் சூடான உடம்புக்குள் பிள்ளையின் கையைச் சுற்றிவைத்தார்கள். மின்சாரமும் கொடுத்தார்கள். நல்ல கையை உடம்போடு கட்டிப்போட்டும் பார்த்தார்கள். பெரியவரான பிறகும் அந்தக் கை மற்றதைவிடச் சுமார் 15 சென்டிமீட்டர் குட்டை. படங்களில் கையுறையைப் பிடித்தபடியோ, வாள்பிடி மேல் வைத்தபடியோ நிற்பார். ராஜா வீட்டுப் பிள்ளைக்கே இந்தப் பாடு. நாம் நல்லெண்ணெயோடு நிற்பது எவ்வளவோ மேல்.

பெகு பெரியம்மா | ஜூன் 4

முயலா! சிவ சிவா.

டலா அம்மா | ஜூன் 5

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. அவளுக்கு இடது கை. பிசியோ அக்கா பயிற்சி சொல்வார், நான் வீட்டில் கற்றதைச் சொல்கிறேன்.

சட்டை போடும்போது வராத கைதான் முதலில் நுழைய வேண்டும். கழற்றும்போது அதுதான் கடைசி. இதை மறந்தால் அந்தச் சின்னத் தோளை நீயே முறுக்குகிறாய். தலைவழி மாட்டுகிற சட்டையை விட்டுவிடு, முன்னால் முடிச்சுப் போடுகிற வெள்ளைச் சட்டை வாங்கு.

அக்குளில் கைகொடுத்துத் தூக்காதே. கழுத்துக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை, வராத கையை அவன் வயிற்று மேல் வைத்துச் சேர்த்து எடு. வீட்டுக்கு வருகிறவர்கள்தான் பெரிய தொல்லை. "ராசா வாடா" என்று இரண்டு கையையும் பிடித்து இழுப்பார்கள். நான் வாசலிலேயே நின்று சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு, போகட்டும்.

பால் கொடுக்கும்போது அந்தக் கை உன் முதுகுப் பக்கம் போய்த் தொங்கும், பார்க்கவே முடியாது. அதைப் பார்த்துப் பார்த்து முன்னால் எடுத்து உன் மார்மேல் வைத்துவிடு.

ஒத்தடம் கொடுக்காதே. அந்தக் கையில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம், சுட்டால் பிள்ளைக்குத் தெரியாது. என் மாமியார் வெற்றிலையை விளக்கில் வாட்டி வைத்தார். கொப்புளம். இன்னும் தழும்பு இருக்கிறது.

மோல்மேன் மகள் | ஜூன் 7

வெள்ளிக்கிழமை சேயா வந்தார். நான் சண்டை போடத் தயாராக நின்றேன். எழுபது வயது இருக்கும், மெலிந்த மனிதர். பிள்ளையின் கையைத் தொடாமல் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தன் விரலை அவன் உள்ளங்கையில் வைத்தார், நீங்கள் சொன்ன அதே மாதிரி. "இது என் அச்சோ இல்லை. ஒரு வயது ஆகாத பிள்ளையை நான் பிடிப்பதில்லை. டாக்டரிடம் போ" என்றார். காசும் வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தார்.

நீங்கள் இவ்வளவு எழுதியும் நம்பாத என் மாமியார், அவர் சொன்னதும் நம்பிவிட்டார்!

தட்டோன் தம்பி | ஜூன் 7

நல்ல சேயா. நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இன்செய்ன் பிசியோ | ஜூன் 7

அந்தப் பெரியவருக்கு ஒரு கும்பிடு. இனிப் பயிற்சி. மூன்று வாரம் கழிந்துவிட்டது, எலும்பு முறிவும் இல்லை, ஆரம்பிக்கலாம். ஆனால் ஒரு தடவையாவது ரங்கூன் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டி, யாராவது உன் கையைப் பிடித்துக் கற்றுத்தரட்டும். எழுத்தில் படிப்பதும் கையால் செய்வதும் வேறு.

துணி மாற்றும் ஒவ்வொரு தடவையும் செய். தனியாக நேரம் ஒதுக்குகிறேன் என்றால் நடக்காது. பிள்ளை மல்லாந்து படுத்திருக்க வேண்டும், பசியில் இருக்கக் கூடாது, பால் குடித்த உடனேயும் வேண்டாம்.

முக்கியமானது தோளை வெளிப்பக்கம் திருப்புவது. அவன் மேல்கையை விலாவோடு ஒட்டி வை, முழங்கையை மடக்கு. ஒரு கையால் முழங்கையை விலாவோடு பிடித்துக்கொள். இன்னொரு கையால் முன்கையைப் பிடித்து, புத்தகத்தைத் திறக்கிற மாதிரி, மெதுவாக வெளிப்பக்கம் கொண்டுபோ. புறங்கை பாயைத் தொடப் போகும். எங்கே இறுக்கம் தெரிகிறதோ அங்கே நிறுத்திப் பத்து எண்ணு. மல்லுக்கட்டாதே. இரண்டு கையையும் ஒரே நேரத்தில் செய்து பார், வலது எவ்வளவு பின்தங்குகிறது என்று கண்ணுக்கே தெரியும். ஒரு நாளைக்கு ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்.

அடுத்து கையைத் தலைக்கு மேலே தூக்குவது. முதுகில் தோள்பட்டை எலும்பை உன் உள்ளங்கையால் விலாவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு தூக்கு. பிடிக்காமல் தூக்கினால் எலும்புதான் கூடவே நழுவி வரும்; மூட்டு திறந்தது போல் பொய்த்தோற்றம் காட்டும். அப்புறம் முழங்கை மடக்கி நீட்டுவது, உள்ளங்கையைப் பிச்சை கேட்கிற மாதிரி மேலே திருப்புவது, மணிக்கட்டைப் பின்னால் வளைப்பது, விரல்களைத் திறப்பது. ஒவ்வொன்றும் ஐந்து தடவை போதும்.

விழித்திருக்கும்போது நல்ல கைப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வை. வராத கை மேலே இருக்கும், எடையில்லாமல் வாய்ப்பக்கம் நகர முடியும். குப்புறப் போடுவதும் வேண்டும். கைலியைச் சுருட்டி நெஞ்சுக்குக் கீழே வைத்து, இரண்டு முழங்கையும் முன்னால் வரும்படி. தூங்கும்போது மட்டும் மல்லாந்து. கழுத்து இடது பக்கமே திரும்புகிறது என்றாயே, இனி நீ பேசுவது, விளக்கு, பொம்மை எல்லாம் வலது பக்கம் இருக்கட்டும். தன் கை அங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரிய வேண்டும்.

டலா அம்மா | ஜூன் 7

தெரிய வைப்பதற்கு ஒரு வழி: பழைய கொலுசு முத்து இரண்டைத் துணிப் பட்டையில் இறுக்கித் தைத்து மணிக்கட்டில் கட்டினேன். கை துளி அசைந்தாலும் சத்தம். அவள் தன் கையைத் தானே தேடினாள். ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கட்டு, பிய்த்து வாயில் போட்டுவிடும். அப்புறம் பட்டுத்துணி, துவாலை, பஞ்சு, ஈரத் தனாக்கா (முகத்தில் பூசுகிற மரப்பட்டைச் சாந்து) எல்லாம் மாறி மாறி அந்தக் கையில் தடவினேன். தனாக்கா காய்ந்து இழுக்கும்போது விரலை விரிப்பாள்.

மோல்மேன் மகள் | ஜூலை 4

ஏழு வாரம் ஆகிவிட்டது. நடுவில் ரங்கூன் போய் வந்தோம். அவுங் மிங்கலா பஸ் நிலையத்தில் இறங்கி, மழையில் டாக்சி தேடி, பிள்ளைக் கையை யாரும் இடிக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது. அங்கே பயிற்சி தருகிற ஒரு சேயாமா, அந்த அம்மா, என் கை மேல் தன் கையை வைத்துக் காட்டினார். நான் வீட்டில் தோள்பட்டையைப் பிடிக்காமல்தான் தூக்கிக்கொண்டிருந்தேன், அக்கா சொன்ன அதே தப்பு.

உண்மையைச் சொல்கிறேன். தினமும் எட்டு தடவை என்று ஆரம்பித்தது நாலாகிவிட்டது. வெளிப்பக்கம் திருப்பினால் வீரிட்டு அழுகிறான். ராத்திரி கரண்ட் இல்லை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்துத் திருப்பும்போது நான் என்ன தாய் என்று தோன்றுகிறது. நேற்று என் வீட்டுக்காரர் என்னிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆச்சரியம் என்னவென்றால், என் மாமியார்தான் இதில் கெட்டிக்காரியாகிவிட்டார். கடையில் உட்கார்ந்தே பழகியவர், எண்ணுவதெல்லாம் பர்மியில்தான். 'தித், நித், தோன், லே, ஙா' என்று இழுத்து இழுத்துப் பாட்டு மாதிரி எண்ணுவார். 'ஸே' என்று பத்துக்கு வரும்போது வயிற்றில் முகத்தை வைத்து ஊதுவார். அவரிடம் அழுவதில்லை. இப்போது 'தித்' என்றாலே சிரிக்கிறான்.

ஒரு கேள்வி. மின்சாரம் கொடுக்கும் சின்ன மெஷின் ஒன்றை இணைய நேரலையில் விற்கிறார்கள், 80,000 கியாட். ஒட்டுப் பட்டையைத் தோளில் ஒட்டினால் நரம்பு வளரும் என்கிறார்கள். வாங்கட்டுமா?

இன்செய்ன் பிசியோ | ஜூலை 4

வாங்காதே. அந்த மின்சாரம் இந்தப் பிள்ளைகளுக்கு நரம்பை வளர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சில நிபுணர்கள் தசைக்காகப் பயன்படுத்துகிறார்கள், அது அவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்துச் செய்வது. உணர்ச்சி குறைந்த தோலில் நீ வீட்டில் ஒட்டினால் சுட்டுவிடும்.

அழுகையைப் பற்றி: திருப்பும்போது சிணுங்கி, விட்டதும் நிறுத்தினால் அது இழுவை. விட்ட பிறகும் அழுதால், அல்லது நேற்று வரை திரும்பிய தோள் இன்றைக்குத் திடீரென்று திரும்ப மறுத்தால், 'க்ளக்' என்று ஏதாவது தட்டுப்பட்டால், பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ. தசைகள் ஒரு பக்கம் மட்டும் இழுப்பதால் தோள் குண்டு கிண்ணத்திலிருந்து பின்னால் நழுவுவது உண்டு. அல்ட்ராசவுண்டில் தெரியும்.

உன் வீட்டுக்காரரிடம் சொல், வலிக்காமல் வளர்ப்பது வேறு, வலிக்கும் என்று விட்டுவிடுவது வேறு. மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு நீ கொஞ்சம் தூங்கு. அந்த எண்ணிக்கை முறையை நான் என் வேலையில் திருடிக்கொள்ளப் போகிறேன்.

பழைய ரங்கூன்காரர் | ஜூலை 5

80,000 கியாட்டில் மாமியாருக்கு ஒரு நல்ல தமைங் (பெண்கள் உடுத்துகிற பர்மியக் கைலி) வாங்கிக் கொடு அம்மா.

மோல்மேன் மகள் | ஆகஸ்ட் 16

நேற்றோடு மூன்று மாதம். தோள் கொஞ்சம் பக்கவாட்டில் தூக்குகிறான். முழங்கை பற்றித்தான் குழப்பம். ஒருக்களித்துப் படுத்திருந்தால் கை மடங்கி வாய்ப்பக்கம் வழுக்கிக்கொண்டு வருகிறது. மல்லாக்கப் போட்டால், உட்கார வைத்தால், மடங்கவில்லை. பிரசவம் பார்த்த இடத்தில் காட்டினேன், "அசைகிறதே, நல்லது" என்று அனுப்பிவிட்டார்கள். இது நல்லதா?

இன்செய்ன் பிசியோ | ஆகஸ்ட் 16

பாதி நல்லது. ஒருக்களித்திருக்கும்போது கையின் எடையைப் படுக்கை தாங்குகிறது. அப்போது மடங்குகிறது என்றால் நரம்பு தசையைத் தொட்டுவிட்டது. ஆனால் எடையைத் தானே தூக்கும் பலம் இன்னும் வரவில்லை. நாங்கள் மதிப்பெண் போடுவதே அப்படித்தான்: முதலில் எடை இல்லாமல் எவ்வளவு, பிறகு எடையோடு எவ்வளவு.

மூன்று மாதம் என்ற கணக்கு சும்மா சொன்னதில்லை. பிரான்சில் அலன் கில்பெர் என்ற அறுவை மருத்துவர் அதை வைத்துத்தான் முடிவெடுத்தார்: மூன்று மாதத்தில் முழங்கை மடக்கும் தசை அசையவே இல்லை என்றால் நரம்பைத் திறந்து பார்க்க வேண்டும். கனடாவில் டொரான்டோக்காரர்கள் இன்னும் பொறுத்து, பல அசைவுகளைச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒன்பது மாதத்தில் ஒரு பிஸ்கட் பரீட்சை வைப்பார்கள், அதை அப்புறம் சொல்கிறேன். உன் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். 'அசைகிறதே' என்று வீட்டில் உட்காரும் நேரம் இல்லை இது. கை அறுவை தெரிந்தவர் ஒருவர் இப்போதே பார்க்க வேண்டும், மாதாமாதம் பார்க்க வேண்டும். அறுவை தேவைப்பட்டால் அதற்கு வயது உண்டு. பெரும்பாலும் மூன்றிலிருந்து ஒன்பது மாதத்துக்குள்.

மோல்மேன் மகள் | ஆகஸ்ட் 16

அறுவை என்றால் என்ன செய்வார்கள் அக்கா? கை நடுங்குகிறது எழுதவே.

பழைய ரங்கூன்காரர் | ஆகஸ்ட் 17

நான் இப்போது கோவையில் இருக்கிறேன் அம்மா, என் பேத்திக்குச் செய்தது, அதனால் சொல்கிறேன். அறுந்த இடத்தில் தழும்பாகிப் போனதை வெட்டி எடுத்துவிட்டு, கெண்டைக்காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து நடுவில் பாலமாக வைத்துத் தைப்பார்கள். கால் நடக்கும், பாதத்தின் ஓரத்தில் கொஞ்சம் மரத்துப்போகும், அவ்வளவே. வேர் பிய்ந்தே போயிருந்தால் பக்கத்தில் நன்றாக இருக்கும் நரம்பிலிருந்து ஒரு இழையைப் பிரித்து வராத தசைக்குக் கொடுப்பார்கள். இங்கே கங்கா மருத்துவமனை இதற்குப் பேர்போனது.

செய்த மறுநாளே கை எழும் என்று நினைக்காதே. மறுபடி அந்த ஒரு மில்லிமீட்டர் கணக்குதான். பேத்திக்கு முழங்கை மடங்க ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் பயிற்சி, பயிற்சி, பயிற்சி.

மோல்மேன் மகள் | செப்டம்பர் 21

ரங்கூனில் அறுவை மருத்துவர் பார்த்தார். ஒரு மாதம் பொறு, மறுபடி பார்க்கலாம் என்றார். அந்த ஒரு மாதம் நான் தூங்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாமியார் மடியில் சாய்த்து உட்கார வைத்திருந்தார். கன்னத்தில் தனாக்கா பூசியிருந்தது, காய்ந்து அரித்திருக்கும் போல. இடது கையைத்தான் மாமியார் பிடித்திருந்தார். வலது கை மெதுவாக, லிப்டு மாதிரி, நின்று நின்று மேலே வந்தது. கன்னத்தைத் தொடவில்லை, தாடையில் இடித்துவிட்டு விழுந்தது. மாமியார் என்னைக் கூப்பிடவில்லை. அவன் மறுபடி செய்கிறானா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாராம். மூன்றாம் தடவைதான் கத்தினார். அக்கம்பக்கமெல்லாம் ஓடிவந்துவிட்டது.

நேற்று மருத்துவரிடம் காட்டினேன். இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்றார்.

பெகு பெரியம்மா | செப்டம்பர் 21

அங்காளம்மா! தனாக்காவுக்கும் ஒரு கும்பிடு.

தட்டோன் தம்பி | செப்டம்பர் 21

அக்கா, மோல்மேன் வந்தால் பிள்ளையைப் பார்க்கலாமா? கையைப் பிடித்து இழுக்க மாட்டேன்.

மோல்மேன் மகள் | நவம்பர் 9

சந்தோஷச் செய்தி இல்லை. என் அப்பா தவறிவிட்டார். ஊருக்குப் போனதில் பதினாறு நாள் பயிற்சி விட்டுப்போயிற்று. கைதான் அசைகிறதே, இனி என்ன என்றும் ஒரு நினைப்பு. திரும்பி வந்து புத்தகம் திறக்கிற மாதிரி செய்து பார்த்தால், இடது கை பாயைத் தொடுகிறது, வலது கை பாதியில் நின்றுவிடுகிறது. முன்பு முக்கால் வரை போனது.

இன்செய்ன் பிசியோ | நவம்பர் 9

அப்பாவுக்கு என் அஞ்சலி தங்கச்சி. உன்னைத் திட்ட மாட்டேன்.

ஆனால் இது எல்லோரும் வழுக்குகிற இடம். முழங்கை வந்ததும் வீட்டில் பயிற்சி நின்றுவிடும். தோளை உள்ளே இழுக்கும் தசைகள் பலமாகிவிட்டன, வெளியே திருப்பும் தசைகள் இன்னும் பின்தங்கியிருக்கின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் ஆள் குறைவு. பிள்ளை வளர வளர எலும்பும் அந்த இழுப்புக்கு ஏற்றபடி வளைந்து வளரும். இந்த வாரமே தோளுக்கு அல்ட்ராசவுண்ட் எடு. மூட்டு இடத்தில் இருந்தால் பயிற்சியைத் தொடர்வோம், ராத்திரிக்குக் கையைத் திருப்பிப் பிடித்துவைக்கிற பட்டை தேவையா என்று பார்ப்போம். நழுவியிருந்தால் உள்ளிழுக்கும் தசைக்கு ஊசி போட்டு மாவுக்கட்டுப் போடுவது, பிற்பாடு தசைநாணை இடம் மாற்றித் தைப்பது என்று வழிகள் இருக்கின்றன. எதுவானாலும் சீக்கிரம் தெரிவது நல்லது.

மோல்மேன் மகள் | நவம்பர் 18

எடுத்தாயிற்று. மூட்டு இடத்தில்தான் இருக்கிறதாம், இறுக்கம் மட்டும். மூன்று மாதத்தில் மறுபடி எடுக்கச் சொன்னார்கள். மாமியார் மறுபடி 'தித், நித்' ஆரம்பித்துவிட்டார். இப்போது பையன் எட்டு வரை சும்மா இருந்துவிட்டு, ஒன்பதில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறான், ஊதப் போகிறார் என்று தெரிந்து.

டலா அம்மா | நவம்பர் 19

பல் வரும் நேரம். வலது கை விரல்களைக் கடிக்கிறானா பார். உணர்ச்சி திரும்பும்போது குறுகுறுவென்று இருக்கும் போல, என் மகள் ரத்தம் வரக் கடித்தாள். ராத்திரி மெல்லிய உறை போட்டேன். என் மகளுக்குத் தோள் இன்னும் முழுசாக வரவில்லை, பின்னல் போட நான்தான் வேண்டும். ஆனால் அத்தோ நூடுல்ஸ் கடையில் நின்று இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துச் சாப்பிடுகிறாள்.

மோல்மேன் மகள் | பிப்ரவரி 15

அக்கா, ஒன்பது மாதம். பிஸ்கட் பரீட்சை சொல்கிறேன் என்றீர்களே?

இன்செய்ன் பிசியோ | பிப்ரவரி 15

உட்கார வை. வலது மேல்கையை விலாவோடு மெதுவாகப் பிடித்துக்கொள், தோளைத் தூக்கி ஏமாற்றக் கூடாது. வலது கையில் ஒரு சின்ன பிஸ்கட்டைக் கொடு. முழங்கையை மட்டும் மடக்கி வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். கழுத்தைக் கொஞ்சம் குனியலாம், பாதிக்கு மேல் குனிந்து பிஸ்கட்டைத் தேடிப் போகக் கூடாது.

மோல்மேன் மகள் | பிப்ரவரி 15

முதல் பிஸ்கட்டை இடது கைக்கு மாற்றிச் சாப்பிட்டுவிட்டான். இடது கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டு இரண்டாவது வைத்தோம். கீழே போட்டான். மூன்றாவது வாய் வரை போனது. குனியவில்லை. பாதி வழியில் நின்று மாமியாரைப் பார்த்தான், அவர் எண்ண வேண்டும் என்று நினைத்திருப்பான் போல. அவர் 'தித்' என்றார், அப்புறம்தான் வாயில் போட்டான்.

அல்ட்ராசவுண்ட் 20ஆம் தேதி. வெளிப்பக்கம் இன்னும் முக்கால்தான்.

இன்செய்ன் பிசியோ | பிப்ரவரி 15

முக்காலை முழுசாக்குவோம். 20ஆம் தேதி பார்த்துவிட்டு இதே இழையில் எழுது.